அதே அடாப்டர்

"பின் பொருந்திட்டா போதும்னு நினைக்காதீங்க ஐயா. நான் அதை விக்கறதையே நிறுத்திட்டேன்" என்றாள் கடைக்காரி.

"எனக்கு அதுதான் வேணும்மா. கறுப்பா, சதுரமா இருக்கும். ஓரத்துல பச்சை லைட் எரியும்."

காலையிலிருந்து மழை விட்டபாடில்லை. சார்ஜரும் போன் கவரும் தொங்கும் அந்தச் சின்னக் கடையில் இன்னும் போணி ஆகவில்லை. ஒரு ஆள் வந்தாரே என்று நிமிர்ந்தால், அவர் கேட்டதோ யார் கண்ணிலும் படாமல் அவள் ஒதுக்கி வைத்திருந்த சரக்கு. பெரியவரின் சட்டை சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. கையில் குடை இருந்தும் அதைப் பிரிக்கத் தோன்றவில்லை போலிருக்கிறது.

"எந்த லேப்டாப்புக்கு? கொண்டு வந்திருக்கீங்களா?"

"இல்லம்மா. வெள்ளையா, சின்னதா இருக்கும். மருமகளோடது. பையன் இங்கதான் சார்ஜர் வாங்கினான்."

"அது என்னாச்சு?"

"போயிடுச்சு."

கண்ணாடிப் பெட்டியிலிருந்து வேறொன்றை எடுத்து அவர் முன்னால் வைத்தாள். "அந்த மாடலுக்கு இதுதான் சரி. விலை கொஞ்சம் கூடத்தான், குறைச்சுத் தர்றேன்."

அவர் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "அதே அடாப்டர்தான் வேணும்."

அவளுக்கு அலுப்பாக இருந்தது. சொன்னதை விட்டு வேறொன்றை வாங்கிப் போனால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளும் மருமகள்களை அவளுக்குத் தெரியும்.

"மருமக சொல்லி அனுப்பினாங்களா? போன் போட்டுக் குடுங்க, நானே பேசறேன்."

"அவ ஒண்ணும் சொல்லலம்மா."

"இங்க பாருங்க ஐயா. ரெண்டு பின்னும் ஒரே சைஸ். அளவெடுத்த மாதிரி உள்ள போகும். ஆனா அந்த லேப்டாப்புக்கு வேண்டிய வோல்ட் கம்மி, நீங்க கேக்கற அடாப்டர் குடுக்கறது ஜாஸ்தி. சார்ஜ் ஏறும். கூடவே பேட்டரியும் கொதிக்கும்."

"இது உங்களுக்கு எப்பத் தெரிஞ்சுதும்மா?"

"விக்க ஆரம்பிச்ச கொஞ்ச நாள்லயே ரெண்டு மூணு பேர் வந்து சத்தம் போட்டாங்க. ஒருத்தர் மேசையே கருகிப்போச்சுன்னார். சப்ளையர் திருப்பி எடுத்துக்க மாட்டேங்கறான். அப்படியே மூலையில கிடக்குது."

"வாங்கிட்டுப் போன மத்தவங்களுக்குச் சொன்னீங்களா?"

குரலில் கோபமில்லை. ஆனாலும் அவளுக்குச் சுருக்கென்றது.

"யாரு, எவருன்னு தேடிப் போறது? நானும் ஒண்டியாத்தான் கடையைப் பாத்துக்கறேன்..." பேச்சு அவள் வாயிலேயே தேய்ந்தது. "தப்புதான். சொல்லியிருக்கணும். அதான் உங்ககிட்டயாவது இவ்வளவு தூரம் சொல்றேன்."

பெரியவர் ஒரு அடி முன்னால் வந்தார்.

"ஒண்ணே ஒண்ணு குடுங்கம்மா. சத்தியமா அதைக் கரண்ட்ல சொருக மாட்டேன்."

சொருகாமல் பின்னே எதற்கு? கேட்க வாயெடுத்தவள், அவர் வாங்காமல் நகரப்போவதில்லை என்று கண்டு அடங்கிவிட்டாள். உள்ளே போய்ப் பழைய அட்டைப்பெட்டிகளை நகர்த்தி, தூசி படிந்த ஒன்றைத் தட்டி எடுத்து வந்தாள்.

அதைக் கையில் வாங்கி விளக்கு வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பின்னை விரலால் தடவினார். "இதேதான்" என்றார்.

பணம் எடுக்கப்போனவரைத் தடுத்தாள். "காசு வேணாம் ஐயா. எதுக்குன்னு மட்டும் சொல்லிட்டுப் போங்க. எனக்கு மனசு கேக்கல."

"வீட்டுல இருந்த அடாப்டர் உருகி உருத்தெரியாமப் போச்சும்மா. லேப்டாப்பைச் சார்ஜ்ல போட்டுட்டுத் தூங்கிட்டிருந்த மருமக கட்டிலோட எரிஞ்சு போயிட்டா. என் பையன்தான் கொளுத்திட்டான்னு ஜெயில்ல வச்சிருக்காங்க." அடாப்டரோடு சேர்த்துக் கைகூப்பினார் பெரியவர். "இப்ப எங்கிட்ட சொன்னதை, கோர்ட்டுக்கு வந்து ஒரு தடவை சொல்லுவீங்களா?"