சிரிக்கக் கூடாத படம்

"யாரும் சிரிக்கக் கூடாது. எவனாவது பல்லைக் காட்டினீங்க, அப்புறம் நான் மனுஷனா இருக்க மாட்டேன்" என்றார் அப்பா.

நாங்கள் தலையைக் குனிந்துகொண்டோம். சித்தி கைக்குட்டையால் வாயைப் பொத்தினாள், தோள்கள் குலுங்கின. சித்தப்பா அவள் முதுகைத் தட்டிக்கொடுத்து, "அடக்கிக்கோ, அடக்கிக்கோ" என்றார்.

அதற்குள் இரும்புக் கம்பி 'டக்'கென்று இறங்கி எங்கள் மடிமேல் பூட்டிக்கொண்டது. ரோலர் கோஸ்டர் கிளம்பிவிட்டது.

முதல் பெரிய இறக்கத்தில் ஒரு கேமரா ஒளிந்திருக்கும். எல்லோரும் வாயைப் பிளந்து கத்தும் நேரம் பார்த்துப் படம் எடுத்து, வெளியே வரும் வழியில் திரையில் காட்டுவார்கள். எங்களுக்கு மட்டும் அப்பா போட்ட சட்டம் வேறு. குழந்தை குட்டி உட்பட அத்தனை பேரும், பாஸ்போர்ட் படத்துக்கு உட்கார்ந்த மாதிரி உம்மென்று இருக்க வேண்டும். அப்படி ஒரு படம் கிடைக்கும்வரை, யார் எந்த மூலையில் வேலை பார்த்தாலும் வருஷத்துக்கு ஒரு முறை இந்தப் பூங்காவுக்கு வந்தே ஆக வேண்டும்.

"கிடைச்சிட்டா?" என்று சித்தப்பா முதல் வருஷமே கேட்டார்.

"கிடைச்சிட்டா உங்களுக்கெல்லாம் விடுதலை. அவங்கவங்க பொழப்பைப் பார்த்துக்கிட்டுப் போங்க."

விடுதலை கிடைக்கவே இல்லை. ஒரு வருஷம் சித்தப்பா வாயில் எலுமிச்சைத் துண்டை அடக்கிக்கொண்டு ஏறிப் பார்த்தார். இன்னொரு வருஷம் அக்கா தன் இரட்டைப் பெண்களின் வாயில் ஆளுக்கொரு பெரிய மிட்டாயைத் திணித்து வைத்தாள். எல்லோரும் பாஸாகிவிடுவோம். வருஷம் தவறாமல் படத்தைக் கெடுத்தவர், சட்டம் போட்ட அப்பாவேதான்.

அன்று திரையில் வந்த படமும் அப்படித்தான். நாங்கள் எல்லோரும் இஞ்சி தின்ற மூஞ்சியோடு உட்கார்ந்திருக்க, நடுவில் அப்பா மட்டும் கடைவாய்ப் பல் தெரிய, நெளிந்து வளைந்து சிரித்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, வேலியே பயிரை மேயலாமா?" சித்தப்பா தலையில் அடித்துக்கொண்டார். "அண்ணியைப் பாருங்க. ஒத்தைக் கையால கம்பியைப் பிடிச்சுக்கிட்டு, பஸ்ல போற மாதிரி எவ்வளவு அமைதியா உட்கார்ந்திருக்காங்க! பக்கத்துலயே இருந்தும் ஒண்ணும் கத்துக்கலையே நீங்க."

"என்னடா பண்றது, அடக்க முடியலை" என்றார் அப்பா, கண்ணைத் துடைத்துக்கொண்டே. "விடு, அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்."

அந்த அடுத்த வருஷம் அவருக்கு வரவில்லை. மத்தியானம் சாப்பிட்டுவிட்டு நாற்காலியில் கண்ணயர்ந்தவர், காபிக்கு எழுப்பியபோது எழுந்திருக்கவில்லை.

விடுமுறை நெருங்கியபோது யாருக்கும் மனசில்லை. சித்திதான் பேச்சை எடுத்தாள். "அவருக்கு இருந்தது அந்த ஒரு ஆசைதான். இந்தத் தடவை போய், சரியா ஒரு படம் எடுத்து, ஹால்ல மாட்டிடுவோம். அதோட முடிச்சுக்கலாம். இனிமே நம்மளையெல்லாம் இழுத்துக்கிட்டுப் போக யாரு இருக்கா?"

எல்லோரும் சரியென்றோம். அம்மா மட்டும், "முடிச்சுக்கலாமா?" என்று கேட்டாள். பதிலுக்குக் காத்திராமல் உள்ளே போய்விட்டாள்.

அப்பாவின் இருக்கையில் உட்கார யாருக்கும் துணிவு வரவில்லை. கடைசியில் அத்தானை, அதாவது அக்காவின் கணவரை, அம்மாவுக்குப் பக்கத்தில் தள்ளி உட்கார வைத்தோம். குடும்பத்தில் அவருக்கு 'சிமெண்ட் மூட்டை' என்று பெயர். தன் கல்யாண போட்டோவிலேயே சிரிக்காத மனிதர்.

"மாப்பிள்ளை, உங்களை நம்பித்தான் இருக்கோம்" என்றார் சித்தப்பா.

"எனக்கெல்லாம் சிரிப்பே வராது, கவலைப்படாதீங்க" என்றார் அத்தான்.

வண்டி கடகடவென்று ஏறி, உச்சியில் ஒரு நொடி தயங்கியது. பிறகு சரேலென்று விழுந்தோம். நான் பல்லைக் கடித்துக்கொண்டேன். பழைய ஸ்கூட்டரை உதைத்துக் கிளப்புவது போல முன்னால் ஏதோ ஒரு சத்தம் கேட்டது.

இறங்கி, திரைக்கு முன்னால் ஓடினோம். அத்தனை பேரும் உம். நடுவில் சிமெண்ட் மூட்டை அவிழ்ந்து கொட்டியிருந்தது. மூக்குக் கண்ணாடி நெற்றியில், வாய் காதுவரை, உடம்பு இறால் போல வளைந்து!

"மாப்பிள்ளை!" சித்தி அலறினாள். "நீங்களுமா? போனவரோட ஆசையைக் கெடுத்துட்டீங்களே!"

அத்தானின் முகம் சிவந்துபோனது. "நானா சிரிக்கலைங்க... என்னை..." என்று இடுப்பைத் தடவிக்கொண்டு அம்மாவைப் பார்த்தார். மாமியார் ஆயிற்றே, மேலே சொல்ல வாய் வரவில்லை.

சித்தப்பா திரைக்கு அருகே போய் உற்றுப் பார்த்தார். படத்தில் அம்மா எப்போதும்போல் ஒற்றைக் கையால் கம்பியைப் பிடித்திருந்தாள். அவர் மெல்லத் திரும்பினார்.

"அண்ணி, உங்க இன்னொரு கை எங்கே?"

அம்மா அந்தக் கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள்.

முதலில் இரட்டைப் பெண்கள் வெடித்தார்கள். பிறகு அக்கா, பிறகு நான். சித்தி நிற்க முடியாமல் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். அப்பா போன பிறகு நாங்கள் சேர்ந்து சிரித்தது அதுதான் முதல் முறை.

"அப்போ இத்தனை வருஷமும் அண்ணனை..." சித்தப்பாவுக்கு மூச்சு வாங்கியது. "பாவம் அந்த மனுஷன்! ஆசைப்பட்ட ஒரே படத்தைக் கெடுத்தது நீங்கதானா? ஒரு நாள்கூட உங்களைக் காட்டிக்கொடுக்கலையே!"

அம்மா எங்கள் எல்லோரையும் ஒருமுறை சுற்றிப் பார்த்தாள்.

"எப்படிக் காட்டிக்கொடுப்பாரு? கிச்சுக்கிச்சு மூட்டச் சொன்னதே அவருதான்."