மோட்டாருக்கு அடியில் நாலு பலகை

“இறங்குங்க முதல்ல! நீங்க இறங்கினாத்தான் இந்த போட்டு உருப்படும்!”

படகுத்துறை மொத்தமும் திரும்பிப் பார்த்தது. போட்டுக்காரர் பின்பக்கம் மோட்டார் கைப்பிடியைப் பிடித்தபடி தொப்பலாக நனைந்து உட்கார்ந்திருந்தார். முன்னால் காய்கறி மூட்டைகளுக்கு நடுவே நின்றுகொண்டு கத்தியது வேறு யாருமில்லை, அவர் மனைவிதான்.

“ஏம்மா, கட்டின புருஷனை நாலு பேர் முன்னாடி இப்படியா பேசுறது?” என்றார் டீக்கடைக்காரர்.

“நானூறு பேர் முன்னாடியும் பேசுவேன். இந்த உடம்பைத் தூக்கிக்கிட்டு உட்கார்ந்தா பின்பக்கம் முங்காம என்ன செய்யும்? அக்கரை போறதுக்குள்ள மோட்டார் அழுதுடுது!”

“நல்லா வாய்ச்சிருக்காய்யா உனக்கு!” என்று எவனோ சிரித்தான்.

போட்டுக்காரர் முகத்தைத் துடைத்துக்கொண்டு இறங்கினார்.

அவளுக்கு மட்டும் என்ன, கத்த வேண்டும் என்று ஆசையா? முந்தின வாரம்தான் டாக்டர் கறாராகச் சொல்லியிருந்தார். “இதயம் இந்த உடம்பைத் தாங்காது. தினமும் நடங்க, வாயைக் கட்டுங்க. இல்லேன்னா அப்புறம் என்னைக் கேட்காதீங்க.”

மனுஷன் கேட்டாரா? ஆஸ்பத்திரி வாசலிலேயே ஒரு கிரீம் பன் வாங்கித் தின்றுவிட்டு, “அந்த டாக்டர் என்னைவிடக் குண்டு” என்றார்.

அவள் அழுது பார்த்தாள். சண்டை போட்டுப் பார்த்தாள். சோற்றை ஒளித்துப் பார்த்தாள். ஐயாவோ கடையில் தின்றுவிட்டு வந்து ஏப்பம் விட்டார். தூக்கத்தில் அவர் குறட்டை நின்றால் இவளுக்கு உயிரே போய்விடும். எழுந்து உட்கார்ந்து மூக்குக்குக் கீழே விரலை வைத்துப் பார்ப்பாள்.

அவரைப் பற்றி என்ன சொன்னாலும் துடைத்துப் போட்டுவிடுவார். அவர் போட்டைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னால் மட்டும் ரோஷம் பொத்துக்கொண்டு வரும். அங்கேதான் அவள் மூளை வேலை செய்தது. துறையோரம் ஷெட் போட்டிருக்கும் மெக்கானிக் தம்பியைப் போய்ப் பிடித்தாள்.

“டேய், மோட்டாரைத் தூக்கி நிறுத்த அடியில பலகைத் துண்டு வச்சிருக்கியே, அதை உருவிட்டா என்ன ஆகும்?”

“மோட்டார் தண்ணிக்குள்ள ரொம்ப இறங்கிடும்கா. போட்டு போகாம இழுக்கும். பின்னாடி இருக்கிறவர் மேல தண்ணி வாரி அடிக்கும்.”

“அது போதும். உருவு.”

“அக்கா! மாமா கண்டுபிடிச்சா என் தோலை உரிச்சுடுவாரு!”

“குனிஞ்சு பார்க்க அவர் வயிறு விட்டாத்தானே? உருவுடான்னா!”

நாலு பலகையும் வெளியே வந்தன. அன்று முதல் போட்டு திணறியது, அவர் நனைந்தார், அவள் கத்தினாள், துறையே அவளைத் திட்டியது.

ஆனால் காரியம் நடந்தது. துறையில் அந்தப் பேச்சு வாங்கின மறுநாளே, “சும்மா காத்து வாங்கிட்டு வரேன்” என்று விடிந்ததும் நடக்கக் கிளம்பிவிட்டார். பன் நின்றது. சட்டைப் பொத்தான்கள் மூச்சு விட ஆரம்பித்தன. அவர் உடம்பு கொஞ்சம் வற்றினதும் தம்பியிடம் ஒரு பலகையைத் திரும்ப வைக்கச் சொன்னாள். இன்னும் வற்றினதும் இன்னொன்று.

“பார்த்தீங்களா, உடம்பு குறைய குறைய போட்டு எப்படி ஓடுதுன்னு?” என்பாள்.

“ஆமாமா, நீ சொன்னது சரிதான்” என்று தலையாட்டுவார். இப்படி ஒரு வெள்ளந்தியை ஏமாற்றுகிறோமே என்று அவளுக்கே பாவமாக இருக்கும்.

இரண்டு பலகை இன்னும் ஷெட்டில்தான் இருந்தன. ஆனால் இன்று காலை போட்டு வழுக்கிக்கொண்டு போனது. ஒரு சொட்டுத் தண்ணீர் மேலே படவில்லை.

கரைக்கு வந்ததும் நேரே ஷெட்டுக்குப் போனாள். “ஏண்டா, நான் சொல்லாம எதுக்குடா மிச்சத்தையும் வச்சே?”

“நான் எங்கக்கா வச்சேன்? ரெண்டும் இதோ இந்த டப்பாவுல...” டப்பா காலி. “நேத்து மாமா ஸ்பேனர் வேணும்னு உள்ளே வந்தாரு...” தம்பி நாக்கைக் கடித்துக்கொண்டான்.

அவளுக்குச் சுர்ரென்று ஏறியது. தெரிந்துபோச்சு! கள்ளத்தனமாகப் பலகையை வைத்துக்கொண்டு மறுபடி பன் தின்னக் கிளம்பிவிட்டாரா? துறைக்கு ஓடினாள்.

அவர் போட்டைக் கழுவிக்கொண்டிருந்தார்.

“பலகை விஷயம் எப்போ தெரியும் உங்களுக்கு?”

“நீ எடுத்த அன்னைக்கே. கைப்பிடியைத் தொட்டதுமே தெரிஞ்சுபோச்சு. என் மோட்டார் இறங்கியிருந்தா எனக்குத் தெரியாதா?”

“அடப்பாவி மனுஷா! அப்போ தெரிஞ்சேதான் நனைஞ்சீங்களா? தெரிஞ்சேதான் என்கிட்ட ஏச்சு வாங்கினீங்களா?”

“நேத்து டாக்டரைப் பார்த்தேன். இப்படியே போனா பயமில்லைன்னாரு. அதான் மிச்சத்தையும் வச்சுட்டேன். எத்தனை நாளைக்குத்தான் நனையுறது?”

“டாக்டர் சொன்னப்போ கேட்கலை. நான் அழுதப்போ கேட்கலை. நான் சொல்றது பொய்னு தெரிஞ்சும் எதுக்குத்தான் நடந்தீங்க?”

அவர் வாளியைக் கீழே வைத்தார்.

“டாக்டர் எல்லாரையும்தான் பயமுறுத்துறாரு. ஊரே காறித் துப்பினாலும் பரவாயில்லைன்னு நீ இந்தத் துறையில நின்னு கத்தினே பாரு, அன்னைக்குத்தான்டி எனக்குச் சாகப் பயம் வந்துச்சு.”