நீலக் கோடு போட்ட சட்டை

மலையடிவாரப் பள்ளிக்கூடம் திறக்கப் போகிற நேரம். செவலை என்ற செம்மறி ஆடு தன் குட்டி பொட்டுவைக் கூட்டிக்கொண்டு நரியின் கடைக்குப் போனது. சீருடைக் கம்பளிச் சட்டையை அங்கேதான் வாங்க வேண்டும் என்பது பள்ளிக்கூடத்து உத்தரவு.

"போன வருஷச் சட்டையே இவளுக்குச் சரியா இருக்கு அண்ணே," என்றது செவலை.

"இந்த வருஷம் கழுத்துல நீலக் கோடு வந்திருக்கும்மா. பழசு செல்லாது," என்றது நரி.

விலை வழக்கம்போல உடம்பிலுள்ள ரோமம் முழுவதும். போன மழைக்காலம் பூராவும் வெற்று உடம்போடு நடுங்கியது செவலைக்கு மறக்கவில்லை. ஆனாலும் பிள்ளை படிக்க வேண்டுமே என்று கத்தரிக்கு முதுகைக் கொடுத்தது.

ஒரு பக்கம் வெட்டி முடிந்தபோது, புதுச் சட்டையை முகர்ந்த பொட்டு, "அம்மா, இதுல உன் வாசனை அடிக்குது," என்றது.

செவலையும் முகர்ந்தது. போன வருஷம் தான் கொடுத்த அதே ரோமம்.

"என் ரோமத்தையே எனக்கு விக்கிறீங்களா?"

"கோடு எங்களோடதும்மா," என்றது நரி.

செவலை கத்தரியிலிருந்து முதுகை விலக்கிக்கொண்டது. வரிசையில் நின்ற மற்ற ஆடுகள் மெல்ல வந்து, தொங்கிய சட்டைகளை ஒவ்வொன்றாக முகர்ந்தன. ஒவ்வொரு ஆடும் ஏதோ ஒரு சட்டையின் முன் அப்படியே நின்றுவிட்டது.

பள்ளிக்கூடம் திறந்த அன்று, பாதி மொட்டையான முதுகோடு செவலை வாசல்வரை வந்து பொட்டுவை விட்டுப் போனது. வகுப்பில் இருந்த ஒரு குட்டியின் கழுத்திலும் நீலக் கோடு இல்லை. வாத்தியார் எல்லாரையும் ஒருமுறை பார்த்துவிட்டுப் பாடத்தைத் தொடங்கினார்.