இரண்டு பதிவேடுகள்

பஞ்சாயத்து ஆபீஸ் ஜன்னலுக்கு வெளியே பீங்கான் சூளைப் புகை அசையாமல் நிற்கிறது. குமாஸ்தா குஞ்சிதபாதத்தின் எதிரே ஜெயமேரி வெறுங்கையோடு நிற்கிறாள். பிறந்த பதினோராம் நாள் பிள்ளை போய்விட்டது. "செத்தத எழுதணும்னா மொதல்ல பொறந்தத எழுதணும்மா. பேரு வச்சீங்களா?" "சகாயம்ங்க. பேர நல்லா எழுதிடுங்க." குண்டு குண்டாக எழுதுகிறார். மை காயுமுன் அடுத்த பதிவேட்டைத் திறந்து அதே பெயரை எழுதுகிறார். இரண்டு சீட்டிலும் முத்திரை விழுகிறது. பிறப்புச் சீட்டை நீட்டும்போது, இருபது வருஷமாகச் சொல்லிப் பழகிய பாழும் வாய் தானாகத் திறக்கிறது: "பத்திரமா வச்சுக்கோம்மா, ஸ்கூலுல சேக்குறப்போ கேப்பாங்க." சொன்ன பிறகுதான் அவருக்கு உறைக்கிறது. ஜெயமேரி சீட்டை நான்காக மடித்து முந்தானையில் முடிகிறாள். "சரிங்க," என்கிறாள்.