ஸ்டானெக்கின் இரண்டாவது சுற்று

ஒஹையோ ஆற்றங்கரை மைதானத்தில், ஆலைப் புகையினூடே செப்டம்பர் வெயில் காலி நாற்காலிகள்மேல் மஞ்சளாகப் படிந்திருக்கிறது. வருஷம் முழுக்கத் தோற்ற எங்கள் பேஸ்பால் அணிக்கு இது கடைசி ஆட்டம், இதிலும் தோற்றுக்கொண்டிருக்கிறோம். இன்றோடு ஓய்வு பெறும் கிழட்டு ஸ்டானெக் மட்டையோடு வருகிறார். ஆயுளில் ஒருமுறைகூட அவர் பந்தை வேலிக்கு வெளியே அடித்ததில்லை; அப்படி அடித்தவர் ஓடவே வேண்டாம், ஆடுகளத்தின் நான்கு மூலைகளையும் நடந்தே சுற்றிவரலாம். முன்வரிசையில் வேர்க்கடலை உரிக்கும் இர்மா கத்துகிறாள்: “ஸ்டானெக், மட்டை எதுக்கு, முதுகு சொறியவா?” “உன் புருஷனை அனுப்பு, அவருக்கும் சொறிஞ்சு விடறேன்.” சிரிப்பு அடங்குமுன் மட்டையில் படீரென்று ஒரு சத்தம். ஸ்டானெக் நிமிர்ந்து பார்க்காமல், தலையைக் குனிந்தபடி தலைதெறிக்க ஓடுகிறார். நான்கு மூலையும் சுற்றிவந்து, புறப்பட்ட இடத்து வெள்ளைப் பலகைமேல் புழுதி பறக்க வயிற்றால் சறுக்கி விழுகிறார். நடுவர் குனிகிறார். “எழுந்திருங்க, பந்து வேலியைத் தாண்டி ரொம்ப நேரமாச்சு.” “நெஜமாவா?” எதிரணிப் பந்துவீச்சாளர் கையுறையால் வாயைப் பொத்திச் சிரிக்கிறார். இர்மா எழுந்து நிற்கிறாள், கன்னமெல்லாம் கண்ணீர். “இன்னொரு தரம் சுத்துப்பா. இந்த வாட்டி மெதுவா.” ஸ்டானெக் நடுவரைப் பார்க்கிறார். நடுவர் முதுகைத் திருப்பிக்கொண்டு, சின்னத் தூரிகையால் தரையிலுள்ள வெள்ளைப் பலகையைத் துடைக்க ஆரம்பிக்கிறார், அவசரமே இல்லாமல். ஸ்டானெக் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்தபடி முதல் மூலையை நோக்கி நடக்கிறார்.