நீண்டுகொண்டே போன பாட்டு

பால்கனிக் கூண்டிலேயே பிறந்து வளர்ந்தவன் அந்தத் தினைக்குருவி. துணைக்கு யாருமில்லை. இருந்த ஒரே பாட்டை இழைத்து இழைத்து நீளமாக்கிக்கொண்டே இருந்தான்.

ஒருநாள் வயல்காட்டுத் தினைக்குருவி ஒருத்தி கூண்டின்மேல் வந்து உட்கார்ந்து கேட்டாள்.

“எங்க ஆளுங்க ரெண்டு கீச்சு கத்திட்டு நிறுத்திடுவாங்க. நீ இவ்வளவு நேரம் கண்ணை மூடிக்கிட்டுப் பாடுறியே, பருந்து வராதா?”

“பருந்தா? அது யாரு?”

அவள் வாயைத் திறப்பதற்குள் ஒரு நிழல் வெயிலை மறைத்துக்கொண்டு கடந்தது. விருட்டென்று பறந்துவிட்டாள்.

அவனுக்கோ அந்த நிழல் குளுகுளுவென்று சுகமாகத்தான் இருந்தது. பிறகு ஏன் போனாள்? வெகுநேரம் யோசித்தான். பாட்டில்தான் ஏதோ குறை என்று தோன்றியது. கண்ணை மூடிக்கொண்டு, புதிதாக இன்னொரு சங்கதியைச் சேர்க்க ஆரம்பித்தான்.