நாளைக்கு எந்தப் பக்கம்?

"ஏம்ப்பா பங்காரு, உன்னைக் காவலுக்கு வெச்சிருக்கேனா, குறட்டை விட வெச்சிருக்கேனா?"

கணேஷ்ராம் போட்ட சத்தத்தில், ஏரிக்கரைப் புளியமரத்தடியில் படுத்திருந்த பங்காரு வாரிச் சுருட்டிக்கொண்டு எழுந்தான்.

"கண்ணு அசந்துட்ச்சி சாமி."

"மூணு நாளா அசந்துண்டே இருக்கு. நான் முழுகினா யாரு தூக்கறது?"

திருத்தணி மலைக்கோயில் மடப்பள்ளி சேஷகிரியின் ஒரே பிள்ளை கணேஷ்ராம். அமெரிக்காவில் சாஃப்ட்வேர் வேலை. நின்றுகொண்டே துடுப்புப் போடும் பலகையில் அங்கே பந்தயம் விடுவார்கள். 2008-ல் கணேஷ்ராம்தான் கடைசி. குற்றம் தன்மேல் இல்லை, பலகைக்கு அடியில் மீன் செட்டை மாதிரி மாட்டும் ஃபின்மேல்தான் என்று அப்போதே தீர்ப்பு எழுதிவிட்டான்.

அடுத்த மாதம் மறுபடி பந்தயம். அதற்குள் சரியான ஃபின் கிடைத்தாக வேண்டும். அதனால் பொங்கல் லீவுக்கு வந்தவன், காற்றடிக்கிற பலகையோடு விதவிதமாக ஒரு டஜன் ஃபின்களையும் தூக்கிக்கொண்டு, கனகம்மாசத்திரம் போகிற வழியில் இருந்த ஏரியில் இறங்கினான்.

முதல் நாள், பெரிய ஃபின். முப்பதடி போவதற்குள் பலகை சடக்கென்று நின்றது. கணேஷ்ராம் நிற்கவில்லை. குப்புறப் போய் விழுந்தான். லாரி டியூபில் மிதந்து மீன் பிடித்துக்கொண்டிருந்த பங்காருதான் அவனை இழுத்துக் கரை சேர்த்தான்.

"அடியில பாசி சாமி. கொடி மாதிரி சுத்திக்கும். அறுத்து வுட்டா..."

"அதெல்லாம் வேண்டாம். நான் கண்டுபிடிக்கப் போற ஃபின் பாசியிலயும் வழுக்கிண்டு போகும். நீ கரையில உட்கார்ந்து என்னைப் பார்த்துக்கோ, போதும்."

இரண்டாம் நாள் மூன்று சின்ன ஃபின். பலகை பாதி ஏரி போனது. மூன்றாம் நாள் நடுவில் இருந்ததைக் கழற்றிவிட்டு, ஓரத்தில் இரண்டு மட்டும். வேறு பக்கமாக விட்டுப் பார்த்தான், அக்கரையே வந்துவிட்டது. நாலாம் நாள், பின்பக்கம் சாய்ந்த ஒற்றை ஃபின். ஓர் உரசல் இல்லை, ஓர் இழுப்பு இல்லை. எல்லாம் தேதி போட்டு நோட்டில் ஏறியது.

பங்காருவோ கரைக்கு வந்த ஐந்தாவது நிமிஷம் தூங்கிவிடுவான். வீட்டுக்குப் போகும்போது மட்டும் மறக்காமல் ஒரு கேள்வி கேட்பான். இத்தனை திட்டு வாங்கிய பிறகும் கேட்டான்.

"நாளைக்கு எந்தப் பக்கமா வுடப் போறீங்க சாமி?"

தூங்குகிறவனுக்கு எந்தப் பக்கமானால் என்ன? கணேஷ்ராமுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"தண்ணி வழியற கலங்கல் பக்கம். ஆனா நீ வர வேண்டாம். கண்ணைப் பாரு, கோவைப்பழம் மாதிரி. ராத்திரி பூரா குடிச்சுட்டு வந்து இங்க தூங்கறியா? எனக்கு ஃபின் கிடைச்சாச்சு. இனிமே அது என்னைப் பார்த்துக்கும்."

"பாசியில சிக்காதா சாமி?"

"சிக்கவே சிக்காது. போ."

பங்காரு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனான். அன்று சாயங்காலமே பஸ் ஸ்டாண்டு பக்கத்து பிரௌசிங் சென்டரிலிருந்து அமெரிக்காவுக்கு மெயில் பறந்தது. 'கண்டுபிடித்துவிட்டேன்!'

மறுநாள் காலை, கலங்கல் பக்கம், அதே ஃபின். இருபதடி தாண்டவில்லை.

சடக்!

இந்த முறை இழுக்க டியூப் இல்லை. கால் இரண்டிலும் பாசி சுற்ற, தண்ணீர் குடித்து, பலகையைக் கட்டிக்கொண்டு உயிர் பிழைத்ததே பெரிய பாடு. கரையேறிப் பார்த்தால், நோட்டில் ராஜாவாக இருந்த ஃபினில் ஒரு கட்டுப் பாசி தொங்கியது.

மூன்று நாளாக இந்தப் பாசி எங்கே போயிருந்தது?

ஈரத்தோடு பங்காருவின் வீட்டுக்கு நடந்தான். வாசலில் அவன் மனைவி தாயம்மாள், அரிவாளில் காய்ந்து ஒட்டியிருந்த பாசியைச் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

"பங்காரு எங்கே?"

"மெதுவாப் பேசுங்க சாமி. நீங்க வுழுந்த நாள்லேர்ந்து, விடியறதுக்கு மின்னாடியே ஏரியில எறங்கி நீங்க போற பக்கமா பாசி அறுத்துகினு இருந்தாரு. ஒரே புள்ளையாமே நீங்க. நேத்து வந்து, 'சாமி என்னமோ கண்டுபுடிச்சிட்டாரு, இனிமே பாசி ஒண்ணும் பண்ணாதாம்'னு ஒரே சந்தோசம். இன்னிக்குத்தான் மனுசன் நிம்மதியா தூங்கிகினு இருக்காரு."